போவியின் இடது கால்

வணக்கம் சார்,

உங்கள் விளையாட்டுக் கட்டுரைகளை விடாமல் படிப்பவன் நான். ஐ.டி. நிறுவனம் ஒன்றில் ஆளெடுக்கும் பிரிவில் வேலை. பையனுக்குப் பதினான்கு வயது, கூடைப்பந்துப் பைத்தியம். அவனோடு உட்கார்ந்து அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் பழைய கதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போர்ட்லாண்ட் ட்ரெயில் பிளேசர்ஸ் அணியிடம் மாட்டிக்கொண்டேன். 1972இல் பாப் மெக்காடூவை விட்டுவிட்டு லாரூ மார்ட்டினை எடுத்தார்கள். 1984இல் மைக்கேல் ஜோர்டனை விட்டுவிட்டு சாம் போவி. 2007இல் கெவின் டுரான்ட்டை விட்டுவிட்டு கிரெக் ஓடன். மூன்று முறையும் நெட்டையான சென்டர், மூன்று முறையும் தோல்வி. ஒரே குழியில் மூன்று தடவை விழுகிற நிர்வாகத்தை என்னவென்று சொல்வது? இவற்றில் எது பெரிய முட்டாள்தனம்? எங்களைப் போல ஆளெடுக்கிறவர்கள் இதிலிருந்து கற்க ஏதாவது உண்டா?

இன்னொன்று. மருத்துவப் பரிசோதனையில் வலியை மறைத்ததாகப் போவியே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அப்படியானால் அவர் ஒரு ஊரையே ஏமாற்றியவர்தானே? என் மகனிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் கடைசி வரி இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு ஒரு நன்றி சொல்லி முடித்திருப்பேன். 2024இல், போர்ட்லாண்டுக்கு ஆடிய பில் வால்டன் இறந்தபோது அவருடைய பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். அதிலிருந்து போர்ட்லாண்ட் என் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நீங்களும் அங்கேயே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். ஆனால் தப்பான வாசல் வழியாக.

மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. சென்டர் என்பவர் கூடைக்கு அருகே நின்று ஆடும் உயரமான ஆட்டக்காரர். டிராஃப்ட் என்பது ஆண்டுதோறும் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நாள். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை. அந்த இடத்தை வேறு அணிக்குக் கைமாற்றவும் செய்யலாம். போர்ட்லாண்டுக்கு 1984இல் கிடைத்த இரண்டாவது இடமே அப்படி வந்ததுதான். 1981இல் டாம் ஓவன்ஸ் என்பவரை இண்டியானாவுக்குக் கொடுத்து அதற்குப் பதிலாக வாங்கி வைத்திருந்தார்கள். இண்டியானா கடைசி இடத்துக்குப் போக, நடுத்தரத்துக்கு மேலே இருந்த போர்ட்லாண்டுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. முதலிடம் யாருக்கு என்று நாணயம் சுண்டினார்கள். ஹூஸ்டன் ஜெயித்தது, ஒலாஜுவன் என்ற சென்டரை எடுத்துக்கொண்டது. அந்தக் காசு மறுபக்கம் விழுந்திருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டீர்கள். ஹூஸ்டனும் ஜோர்டனை விட்டுவிட்ட அணிதான் என்பதைக் கவனித்தீர்களா? அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒலாஜுவனின் கால்கள் தாங்கின.

மூன்று முறையும் நெட்டையான சென்டர், மூன்று முறையும் தோல்வி என்கிறீர்கள். நான்காவதை வசதியாக மறந்துவிட்டீர்கள். 1974இல் போர்ட்லாண்டுக்கு மறுபடியும் முதலிடம் கிடைத்தது. எடுத்தது வால்டனை. அவரும் நெட்டையான சென்டர்தான், அவருக்கும் கால் சரியில்லை. முழங்கால் தொல்லை கல்லூரியிலேயே ஊரறிந்த விஷயம். முதல் பருவத்தில் 35 ஆட்டம் ஆடினார், அடுத்ததில் 51. ஒரு பருவத்துக்கு 82 ஆட்டம். 1976 கோடையில் நீங்கள் ஒரு பட்டியல் போட்டிருந்தால் மார்ட்டினுக்குக் கீழே வால்டன் பெயரைத்தான் எழுதியிருப்பீர்கள். அடுத்த ஆண்டு, 1977இல், அந்த அணி கோப்பையை வென்றது. இன்றுவரை அவர்களுக்கு இருக்கும் ஒரே கோப்பை அது.

1984இல் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஸ்டூ இன்மனும் பயிற்சியாளர் ஜாக் ராம்சேயும் வால்டனோடு கோப்பை ஜெயித்தவர்கள். நல்ல சென்டர் இருந்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஜோர்டன் ஆடும் இடத்தில் ஜிம் பாக்ஸன் இருந்தார். அந்த ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் லீகின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் ஆடியவர். முந்தைய டிராஃப்டில் 14ஆவது இடத்தில் கிளைட் ட்ரெக்ஸ்லரைப் பிடித்து வந்திருந்தார்கள். போதாததற்கு, கிக்கி வாண்டவேயை வாங்க அந்த ஜூன் மாதம் கொடுத்த ஆட்களில் சென்டர் வேய்ன் கூப்பரும் ஒருவர். ஓரத்தில் ஆட ஆள் நிறைய, நடுவே ஆள் இல்லை. இதில் எங்கே முட்டாள்தனம்?

ஜோர்டனை எடுத்த சிகாகோவின் மேலாளர் ராட் தார்ன்கூட, இந்தப் பையன் ஏழடி இருந்திருக்கலாமே என்று அன்று அங்கலாய்த்தவர்தான். ஒலிம்பிக் அணியின் பயிற்சியாளர் பாபி நைட், ஜோர்டனை எடு என்று இன்மனிடம் சொன்னார், எங்களுக்கு சென்டர் வேண்டுமே என்றதும் அவனையே சென்டராக ஆடவை என்றார் என ஒரு கதை உண்டு. நல்ல கதை. எல்லாம் முடிந்த பிறகு இப்படி ஒரு தீர்க்கதரிசி எங்கிருந்தாவது கிடைத்துவிடுகிறார்.

ஓடன் விஷயத்தில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். மணிக்கட்டில் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர், ஃப்ரீ த்ரோவை இடது கையால் போட்டு ஒஹாயோ ஸ்டேட் பல்கலையை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். இறுதியில் 25 புள்ளி, 12 ரீபவுண்டு (கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). டுரான்ட் அற்புதமான ஆட்டக்காரர்தான், ஆனால் சோதனையில் 185 பவுண்டு எடையை ஒரு முறைகூடத் தூக்க முடியாத ஒல்லிப் பையன். அன்று பெரும்பாலோர் ஓடனைத்தான் முதலில் வைத்தார்கள். அந்தக் கோடையிலேயே வலது முழங்காலில் அறுவை, முதல் பருவம் முழுக்க ஆடவில்லை. 2009 டிசம்பரில் இடது முழங்கால் சில்லு உடைந்தது. போர்ட்லாண்டுக்காக மொத்தம் 82 ஆட்டம். இது பாவம், தவறு அல்ல. ஒரே குழியாம்! ஓடனை எடுத்தபோது இன்மன் உயிரோடுகூட இல்லை. உரிமையாளர் வேறு, மேலாளர் வேறு, பயிற்சியாளர் வேறு.

சரி, போவிக்கு வருகிறேன்.

கென்டக்கி பல்கலையில் படித்தபோது இடது கணைக்கால் எலும்பில் விரிசல் விட்டு இரண்டு பருவங்கள் முழுதாக ஆடாமல் இருந்தவர். போர்ட்லாண்ட் அவரைக் கூப்பிட்டு ஏழு மணி நேரம் பரிசோதித்தது. சிறு சுத்தியலால் அந்தக் காலைத் தட்டிக் கேட்டபோது வலிக்கவில்லை என்று சொன்னதாகவும், உள்ளுக்குள் வலித்ததாகவும் 2012இல் ஒரு ஆவணப்படத்தில் சொன்னார். வீட்டில் தேவை இருக்கிறவன் வேறென்ன செய்வான் என்ற பொருளில்தான் அதைச் சொன்னார். நீங்கள் இதைக் கேட்டுவிட்டு ஒரு பதினான்கு வயதுப் பையனிடம் ‘ஏமாற்றுக்காரன்’ என்று சொல்லிவைத்திருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது.

எங்கள் மாவட்ட அணியில் ஒரு அண்ணன் இருந்தார். ஆறடி மூன்று அங்குலம். வீட்டில் மூன்று தங்கைகள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு அரசு வேலைக்கு டிரையல்ஸ், அப்புறம் மெடிக்கல். துணைக்கு நான் போயிருந்தேன். வலது முழங்கால் வாரக்கணக்கில் வீங்கியிருந்தது. முந்தைய நாள் ராத்திரி முழுக்க ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு பாதி திறந்திருந்ததால் எனக்கு உள்ளே தெரிந்தது. டாக்டர் முழங்காலை அழுத்தி, “வலிக்குதா தம்பி?” என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே, “கூச்சமா இருக்கு சார்” என்றார். வேலை கிடைத்தது. கொஞ்ச காலம்தான் ஆடினார். கால் போன பிறகு அவரை ஒரு கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அங்கேயே ரிட்டயர் ஆனார். மூன்று தங்கைகளுக்கும் கல்யாணம் நடந்தது. அவரை எடுத்தது அந்தத் துறை செய்த வரலாற்றுத் தவறு என்று இதுவரை யாரும் கட்டுரை எழுதவில்லை. எழுதினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

ஏழு மணி நேரம் பார்த்த மருத்துவர்கள் இருந்தார்கள், எக்ஸ்ரே இருந்தது, இரண்டு ஆண்டு வரலாறு காகிதத்தில் இருந்தது. அத்தனையையும் விட்டுவிட்டு, வேலை கேட்டு வந்த இருபத்து மூன்று வயதுப் பையனின் வாயிலிருந்து வருவதை நம்பி ஒரு அணி முடிவெடுத்தது என்றால் அந்தப் பொறுப்பு யாருடையது? நீங்கள் தினமும் ஆளெடுக்கிறவர். எதிரே உட்கார்ந்திருப்பவன் தன் பலவீனத்தை முழுதாக ஒப்பிக்க வேண்டும் என்றா எதிர்பார்க்கிறீர்கள்?

இன்னொரு விஷயம். பரிசோதனையில் தட்டியது இடது கால். முதல் பருவத்தில் போவி 76 ஆட்டம் ஆடினார், ஆட்டத்துக்குச் சுமார் பத்துப் புள்ளி, ஒன்பதை நெருங்கும் ரீபவுண்டு. அறிமுக ஆட்டக்காரனுக்கு அது மோசமே இல்லை. இரண்டாவதில் 38. மூன்றாவதில் ஐந்தே ஆட்டம், 1986 நவம்பரில் கால் முறிந்தது. முறிந்தது வலது கால். அந்தக் கால் பற்றி அவர் யாரிடமும் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. நான்காவது பருவத்தில் ஒரு ஆட்டம்கூட இல்லை.

வலியை மறைப்பது அவ்வளவு பெரிய குற்றம் என்றால் கணக்கை 1978இலிருந்து தொடங்குங்கள். அந்தப் பருவத்தில் போர்ட்லாண்ட் முதல் 60 ஆட்டங்களில் 50ஐ வென்றிருந்தது. வால்டனின் கால் பழுதானது. கோப்பைக்கான பிளேஆஃப் சுற்று வந்ததும் வலி மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு அவர் இறங்கினார். பாதத்தில் எலும்பு முறிந்திருப்பது அப்புறம் தெரிந்தது. அணியின் மருத்துவ முறைகள் மேல் கோபம் கொண்டு தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொன்னார், அடுத்த பருவம் முழுக்க ஆடவில்லை, பிறகு சான் டியாகோ போய்விட்டார். வலியை மறைத்தால் ஆடலாம் என்பது அந்த விளையாட்டின் அன்றாட நடைமுறையாக இருந்தது. க்ளப் மறைத்தால் சிகிச்சை, ஆட்டக்காரன் மறைத்தால் ஏமாற்று வேலையா? ஆறு வருஷம் கழித்து அதே ஊர் வாசலில் நின்ற ஒரு பையன் அதே பாடத்தைத் திருப்பி ஒப்பித்திருக்கிறான், அவ்வளவுதான்.

ஜோர்டனின் பெயரைச் சொன்னதோடு சரி, அவரைப் பற்றி நீங்கள் வேறு ஒரு வரிகூட எழுதவில்லை என்பதையும் பார்த்தேன். 1985 அக்டோபரில், தன் இரண்டாவது பருவத்தின் மூன்றாவது ஆட்டத்தில், ஜோர்டனுக்கு இடது பாதத்தில் எலும்பு முறிந்தது. 64 ஆட்டங்கள் போயின. மறுபடி முறியப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது, இந்த ஆண்டு ஆடாதே என்று நிர்வாகம் தடுத்தது. சண்டை போட்டு இறங்கினார். அந்த ஏப்ரலில் பாஸ்டனுக்கு எதிராக 63 புள்ளி எடுத்தார். அந்த எலும்பு கூடாமல் போயிருந்தால் சிகாகோவின் முட்டாள்கள் என்று யாராவது பட்டியல் போட்டிருப்பார்கள். பெரிய மேதைகளும் பெரிய மடையர்களும் அந்த ஒரு எலும்பு கூடியதால் உருவானவர்கள். இதை உங்கள் பையனிடம் சொன்னீர்களா?

போவி அப்படியே காணாமல் போய்விடவும் இல்லை. 1989இல் அவரை நியூ ஜெர்சிக்குக் கொடுத்து பக் வில்லியம்ஸை வாங்கினார்கள். வில்லியம்ஸ் வந்த அடுத்த மூன்று பருவங்களில் போர்ட்லாண்ட் இரண்டு முறை இறுதிப் போட்டிக்குப் போனது. போவி நியூ ஜெர்சியில் நான்கு பருவங்கள் ஒழுங்காக ஆடினார், ஒன்றில் சராசரி 15 புள்ளி. மொத்தம் 511 ஆட்டங்கள். முறிந்த கால்களோடு 1995 வரை ஆடிய மனிதர். இப்போது கென்டக்கியில் குதிரைப் பந்தயத்தில் இருக்கிறார். கால் என்றால் என்ன என்று அந்தத் தொழிலில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எது பெரிய தவறு என்று கேட்டிருந்தீர்கள். 1972. மெக்காடூவின் திறமை அன்றே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கல்லூரி ஆட்டம் ஒன்றில் மார்ட்டின் வால்டனுக்கு எதிராகப் பிரமாதமாக ஆடியது மனதில் தங்கிவிட்டது, அதை வைத்து எடுத்தார்கள். மெக்காடூ முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகம், பிறகு மூன்று முறை லீகில் அதிகப் புள்ளி, 1975இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது. மார்ட்டின் நான்கு பருவங்களில் சராசரி ஐந்து புள்ளியோடு விலகினார். அதிலும் மார்ட்டினைத் திட்ட வேண்டாம். அவர் தன்னை எடுக்கச் சொல்லி யாரையும் மிரட்டவில்லை.

ஆளெடுப்பு பற்றி என்னிடம் யோசனை எதுவும் இல்லை. அது உங்கள் வேலை.

பையனிடம் போய்ப் பேசுங்கள். ஏமாற்றுக்காரன் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் 1992 இறுதிப் போட்டியை இருவரும் உட்கார்ந்து பாருங்கள். முதல் ஆட்டத்தின் முதல் பாதியில் ஜோர்டன் 35 புள்ளி எடுத்துவிட்டுத் தோளைக் குலுக்குவதை அவன் ஏற்கனவே பார்த்திருப்பான். அவனை போர்ட்லாண்ட் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ஜெரோம் கெர்சி என்று ஒருவர் ஒவ்வொரு பந்துக்கும் ஓடுவார். லாங்வுட் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து வந்தவர். 1984 ஜூன் 19, போவியை எடுத்த அதே நாளில், அதே ஆட்கள், 46ஆவது இடத்தில் அவரைக் கண்டுபிடித்து எடுத்தார்கள்.