இரவு 11 மணி வீட்டுப்பாடம்

அன்புள்ள ஐயா,

நான் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. என் மாணவர்கள் கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்கிறார்கள். முதல் வகுப்பிலேயே தூங்கி விழுகிறார்கள். எனக்கும் ஓயாத கழுத்து வலி. இரவு 11 மணிக்கு வாட்ஸப்பில் வீட்டுப்பாடம் போட்டால்கூட உடனே பத்துப் பேர் பார்த்துவிடுகிறார்கள். பிள்ளைகளைப் போனிலிருந்து எப்படி மீட்பது? நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கச் சொல்லலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

கண்ணாடி வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் இதைப் பற்றிய 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியைவிட நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்துபோகிறது, எரிச்சல் பெரும்பாலும் அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து வலிக்குத் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள்.

என்னை உறுத்தியது வேறு வரி. இரவு 11 மணி என்று எழுதும்போது உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா? பத்துப் பேர் பார்த்தார்கள் என்றால் பத்துப் பிள்ளைகள் இன்னும் தூங்கவில்லை. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு வெளிச்சம், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைத் தள்ளிப்போடும் என்பது தெரிந்ததுதான். வெளிச்சத்தை விடுங்கள், டீச்சர் ஏதாவது அனுப்பியிருப்பாரோ என்ற நினைப்பு ஒன்றே போதும், பிள்ளை போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுக்கும். மீட்க வழி கேட்கிறீர்கள். இரவில் கட்டிப்போடுவது யார்?

என் அம்மாவும் ஆசிரியைதான். பள்ளிவிட்டு வந்ததும் நேரே குழாயடிக்குப் போவார். விரல் இடுக்கில், நகக்கண்ணில் எல்லாம் சாக்பீஸ் தூள். தண்ணீர் முதலில் வெள்ளையாக ஓடும். அது தெளிந்தால் பள்ளி முடிந்தது, இனி அம்மாவிடம் பேசலாம் என்று எங்களுக்குத் தெரியும். விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வராமல் இல்லை. ஆனால் அவர் அவிழ்த்தால்தான் அது வேலை. திரும்பக் கட்டி வைத்துவிட்டால் காலைவரை வாய் திறக்காது. உங்கள் கையில் இருப்பது அப்படியா? கட்டி வைத்தாலும் கூப்பிடுகிறது.

கோபமாக எழுதிவிட்டேன். உங்களுக்கும் மேலிருந்து பத்தரை மணிக்கு ஏதாவது படிவம் கேட்டிருப்பார்கள், அதை முடித்த பிறகுதான் வீட்டுப்பாடத்துக்கு வந்திருப்பீர்கள். பிரான்ஸில் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. நமக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டுப்பாடத்தைக் கடைசி மணி அடிக்கும் முன் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். ஆறு மணிக்குமேல் என்னிடமிருந்து எதுவும் வராது என்று நாளைக்கே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

முதல் வாரம் யாராவது ஒரு பிள்ளை இரவில் சந்தேகம் கேட்கும். பதில் போடாதீர்கள். காலையில் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.