ஒரு மாநிலச் சட்டமன்றத்தின் ஒரேயொரு கூட்டத்தொடர் ஒரு நாட்டின் போக்கை மாற்றியது உண்டா?

உண்டு என்பதே என் பதில். எடுத்துக்காட்டாக நான் சொல்ல விரும்புவது, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் 1911ஆம் ஆண்டு தன் தலைநகரான ஆல்பனியில் நடத்திய கூட்டத்தொடர். ஜனவரியில் கூடி, கோடையில் சில வாரங்கள் ஒத்திவைக்கப்பட்டு, அக்டோபர் வரை நீண்ட தொடர் அது. முதல் மூன்று மாதங்களும் செய்தித்தாள்கள் ஒரு பதவிச் சண்டையைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தன. ஆனால் அந்தத் தொடரை இன்றும் நினைத்துப் பார்க்க வைப்பது அந்தச் சண்டை அன்று. ஜூன் மாதக் கடைசியில் ஆரவாரமின்றி நிறைவேறிய, வெறும் 10,000 டாலர் ஒதுக்கீடு கொண்ட ஒரு சிறிய சட்டம்தான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அந்தப் பதவிச் சண்டையைச் சொல்லிவிட வேண்டும். அக்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட் உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் மாநிலங்களவை உறுப்பினர்களை இன்று சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதைப் போல, அங்கும் மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. நியூயார்க்கின் இரு செனட்டர்களில் ஒருவரான சான்சி டெப்யூவின் பதவிக்காலம் 1911 மார்ச் 3ஆம் தேதியுடன் முடிவதாக இருந்தது. முந்தைய நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் பதவியையும் இரு அவைகளையும் ஒருசேரக் கைப்பற்றியிருந்ததால், அந்த இடம் அக்கட்சிக்கே என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மேலவையில் 51, கீழவையில் 150 என மொத்தம் 201 உறுப்பினர்கள். வெற்றிக்கு 101 வாக்குகள் போதும். அதற்கு மேலும் ஒரு டஜன் பேர் அக்கட்சியிடம் இருந்தனர்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், கட்சியின் வேட்பாளரை உறுப்பினர்கள் முடிவு செய்யவில்லை. நியூயார்க் நகரின் டாமனி ஹால் என்னும் கட்சி அமைப்பின் தலைவர் சார்லஸ் மர்ஃபி முடிவு செய்தார். அவர் கைகாட்டியவர் வில்லியம் ஷீஹன். பஃபலோ நகரத்துக்காரர், முன்னாள் துணை ஆளுநர், பெரிய நிறுவனங்களுக்காக வழக்காடிய வழக்கறிஞர். கட்சிக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டால், அங்கே பெரும்பான்மையோர் எடுக்கும் முடிவுக்கு அவையில் அனைவரும் கட்டுப்பட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஆகவே ஷீஹனை விரும்பாத இருபது பேர் அளவிலானோர் அந்தக் கூட்டத்துக்கே போகாமல் தனித்து நின்றனர். முதல் வாக்கெடுப்பில் ஷீஹனுக்குக் கிடைத்தவை 91 வாக்குகள். பத்து வாக்குகள் குறைந்ததால் அடுத்த பத்து வாரங்களுக்கு ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் ஏறக்குறைய முடங்கியது.

தனித்து நின்றவர்களின் குரலாக விளங்கியவர் முதன்முறை மேலவைக்கு வந்திருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். போராட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்கு 29 வயது நிறைந்தது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் அன்று 1,500 டாலர்தான். பலர் விடுதி அறைகளில் தங்கி, வாரக் கடைசியில் ஊர் திரும்பித் தத்தம் தொழிலைக் கவனித்தாக வேண்டிய நிலை. ரூஸ்வெல்ட் குடும்பச் சொத்து உள்ளவர். தலைமைச் செயலகத்துக்கு அருகிலேயே ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். கலகக்காரர்கள் நாள்தோறும் கூடிப் பேசியது அந்த வீட்டில்தான். அவர்கள் விடாமல் பிடித்த சுருட்டின் புகை மாடியிலிருந்த குழந்தைகளின் அறைவரை ஏறியதால், அவர் மனைவி எலினோர் குழந்தைகளை அதற்கும் மேல்தளத்துக்கு மாற்ற நேர்ந்தது. கொள்கை உறுதி மட்டும் ஒரு கலகத்தைப் பத்து வாரம் தாங்காது, கூடிப்பேச ஓரிடமும் வருமானத்தைப் பற்றிய கவலையின்மையும் வேண்டும் என்பதை நாம் மறக்கலாகாது.

கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின்படி, செனட்டர் தேர்ந்தெடுக்கப்படும்வரை இரு அவைகளும் நாள்தோறும் நண்பகலில் ஒன்றாகக் கூடி, குறைந்தது ஒரு முறையேனும் வாக்கெடுத்தாக வேண்டும். எனவே ஒவ்வொரு நாளும் பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு நாளும் எவருக்கும் 101 கிடைக்கவில்லை. மார்ச் 4ஆம் தேதி வந்தபோது, நாட்டிலேயே மக்கள்தொகை மிகுந்த மாநிலத்துக்கு வாஷிங்டனில் ஒரே ஒரு செனட்டர்தான் இருந்தார்.

இந்த முடக்கத்தின் நடுவில்தான் அந்த ஒரு வாரம் வந்தது. மார்ச் 24, வெள்ளிக்கிழமை: மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம், வேலையில் காயமடையும் தொழிலாளிக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று முந்தைய ஆண்டு சட்டமன்றம் இயற்றிய சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. தன்மீது தவறில்லாத முதலாளியிடமிருந்து பணம் பறிப்பது, முறையான சட்ட நடவடிக்கையின்றி அவருடைய சொத்தைப் பறிப்பதாகும் என்பது நீதிபதிகள் சொன்ன காரணம்.

மறுநாள், மார்ச் 25, சனிக்கிழமை மாலை ஐந்து மணியை நெருங்கும் வேளையில், நியூயார்க் நகரின் ஆஷ் கட்டடத்தில் எட்டு, ஒன்பது, பத்தாம் தளங்களில் இயங்கிய ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. ஒன்பதாம் தளத்தின் ஒரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்பு ஏணி பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. தீயணைப்புத் துறையின் ஏணி ஆறாம் தளத்தைத்தான் எட்டியது. இறந்தவர்கள் 146 பேர். அவர்களில் 123 பேர் பெண்கள், பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடியேறிய யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம்பெண்கள். ஆஷ் கட்டடம் தீப்பிடிக்காத கட்டடம் என்று பெயர் பெற்றது. அந்தப் பெயருக்கு ஏற்ப அது நின்றது, இன்றும் நிற்கிறது. உள்ளே இருந்தவர்கள் வெளியேறுவதற்கு வழி வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம்தான் வலுவாக இல்லை.

நான்கு நாள் கழித்து, மார்ச் 29 அதிகாலையில், ஆல்பனியில் சட்டமன்றக் கட்டடமே எரிந்தது. முப்பதாண்டுகளுக்கும் மேல் கட்டி, இரண்டரைக் கோடி டாலர் செலவழித்த மாளிகை. மேற்குப் பகுதியிலிருந்த மாநில நூலகத்தில் சுமார் 4,50,000 நூல்களும் 2,70,000 கையெழுத்து ஆவணங்களும் அழிந்தன. சாமுவேல் அபட் என்னும் இரவுக் காவலர் உயிரிழந்தார். நூலகத்துக்காகப் புதிய கட்டடம் ஏறக்குறைய தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு விந்தையையும் சொல்லியாக வேண்டும்: ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களைவிட முக்கியத்துவம் குறைந்தவை என்று கருதி அடித்தட்டில் வைத்திருந்த டச்சுக் குடியேற்றக் காலத்து ஆவணங்களின் மேல் மற்றவை சரிந்து விழுந்து மூடியதால், அவை பெருமளவு தப்பின. இன்று நியூயார்க்கின் பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதுவோர் அவற்றைக் கொண்டுதான் எழுதுகிறார்கள்.

கூடுவதற்கு மண்டபம் இல்லாத உறுப்பினர்கள் அருகிலிருந்த ஆல்பனி மாநகராட்சிக் கட்டடத்தில் நெருக்கியடித்து அமர்ந்தனர். எல்லோரும் சலித்துப் போயிருந்தனர். மர்ஃபி ஷீஹனைக் கைவிட்டு, நீதிபதி ஜேம்ஸ் ஓகார்மனை முன்னிறுத்தினார். மார்ச் 31 அன்று அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓகார்மனும் டாமனி ஹாலில் ஊறி வளர்ந்தவர்தான். கலகக்காரர்களில் பெரும்பாலோர் அவரை ஏற்றனர், ரூஸ்வெல்ட்டும் அவருக்கே வாக்களித்தார். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் இப்படிப்பட்ட முடக்கங்கள் பல மாநிலங்களில் நிகழ்ந்ததன் விளைவாகவே, செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 17ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1913இல் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் சட்டமன்றம் தேர்ந்தெடுத்த கடைசிச் செனட்டர் ஓகார்மன்.

இனி நான் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். தொழிற்சாலைத் தீயைக் கண்டு கொதித்த நகரத்துப் பெரியவர்களும் சீர்திருத்தவாதிகளும் ஒரு பாதுகாப்புக் குழுவை அமைத்து, ஆல்பனிக்குத் தூது சென்றனர். அறிஞர்களையும் செல்வாக்குள்ளவர்களையும் கொண்ட குழு ஒன்று ஆராய்ந்து அறிக்கை தரட்டும் என்பது பலரின் எண்ணம். கீழவையில் ஆளுங்கட்சித் தலைவராக இருந்த ஆல்ஃபிரெட் ஸ்மித் அவர்களுக்கு வேறு யோசனை சொன்னார்: வெளியார் எழுதும் அறிக்கையை எந்தச் சட்டமன்றமும் தன்னுடையதாகக் கருதாது, உறுப்பினர்களையே ஆணையத்தில் உட்கார வையுங்கள், தாங்களே கண்டறிந்ததை அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஸ்மித் தந்தையை இழந்து பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். ஃபுல்டன் மீன் சந்தையில் வேலை பார்த்தவர். சட்டமன்றத்துக்கு வந்த தொடக்கத்தில் மசோதாக்களின் மொழி புரியாமல், இரவுகளில் அறையில் அமர்ந்து ஒவ்வொன்றையும் வரிவரியாகப் படித்துக் கற்றவர். சட்டமன்றம் எப்படி இயங்குகிறது என்பதை அவரைவிட அறிந்தவர் அங்கே இல்லை என்றே நினைக்கிறேன்.

அப்படித்தான் ஜூன் 30 அன்று ஆளுநர் ஜான் டிக்ஸ் கையெழுத்துடன் தொழிற்சாலை விசாரணை ஆணையம் பிறந்தது. ஒன்பது உறுப்பினர்கள். மேலவையின் ஆளுங்கட்சித் தலைவர் ராபர்ட் வாக்னர் தலைவர், ஸ்மித் துணைத் தலைவர். தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸும், உழைக்கும் பெண்களின் சங்கத்தில் பணியாற்றிய மேரி ட்ரையரும் இடம்பெற்றனர். சாட்சிகளை அழைப்பாணை அனுப்பி வரவழைக்கும் அதிகாரமும், எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் நுழைந்து பார்க்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு இருந்தன. தீ விபத்தை மட்டும் ஆராயாமல் உடல்நலம், சுகாதாரம், வேலைநேரம் என்று அனைத்தையும் ஆராயும் வகையில் அதன் பணிவரம்பு விரிவாக வரையப்பட்டது. முதல் ஆண்டிலேயே 1,836 தொழிலிடங்கள் பார்வையிடப்பட்டன; 222 பேர் சாட்சியம் அளித்தனர்.

அந்தப் பயணங்களில் ஆணையத்துக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் ஃபிரான்சிஸ் பெர்க்கின்ஸ். ட்ரையாங்கிள் தொழிற்சாலையிலிருந்து பெண்கள் குதித்ததைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்தவர் அவர். உறுப்பினர்கள் அறிக்கைகளைப் படித்தால் போதாது, உடலால் உணர வேண்டும் என்று அவர் கருதினார். ஓர் ஆலையில், அவசர வழி என்று எழுதப்பட்டிருந்த சுவரின் சின்னஞ்சிறு ஓட்டை வழியாக வாக்னரைத் தவழ்ந்து வெளியே போக வைத்தார். அந்த வழி, பனி உறைந்த ஓர் இரும்பு ஏணியில் முடிந்தது, ஏணியோ தரைக்குப் பல அடி உயரத்திலேயே நின்றுவிட்டது. கயிற்றாலை ஒன்றில் பத்து மணிநேர இரவு வேலை முடிந்து வெளியேறும் பெண்களை ஸ்மித் நின்று பார்த்தார். உணவுப் பொருள்களை டப்பாவில் அடைக்கும் ஆலைகளின் கொட்டகைகளில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் அதிகாலையிலேயே அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்ததை ஆணையம் நேரில் கண்டது.

இதன் விளைவாக 1912 முதல் 1914 வரை முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன: வேலைநேரத்தில் கதவைப் பூட்டுவதற்குத் தடை, கட்டாயத் தீத்தடுப்புப் பயிற்சி, தானியங்கி நீர்த்தெளிப்பான், ஆய்வாளர்கள் எண்ணிக்கையில் உயர்வு, தொழிலாளர் துறையின் முழு மறுசீரமைப்பு. 1933இல் ரூஸ்வெல்ட் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானபோது பெர்க்கின்ஸ் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைக் காத்த 1935ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் வாக்னரின் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. ஆல்பனியில் 1911இல் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் இவர்கள். கேள்விக்கு உண்டு என்று தயங்காமல் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அதே தொடரில் வேறு பெரிய வேலைகளும் நடந்தன. கைத்துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்னும் சல்லிவன் சட்டம் வந்தது. வருமான வரி விதிக்கக் கூட்டாட்சி அரசுக்கு அதிகாரம் தரும் 16ஆவது திருத்தத்துக்கு ஜூலை 12 அன்று நியூயார்க் ஒப்புதல் அளித்தது. செல்வர்கள் நிறைந்த மாநிலம் அதை ஏற்றது பிற மாநிலங்களுக்கு ஊக்கமாக அமைந்தது.

டாமனி ஹால்காரர்கள் வாக்குகளைக் கணக்கிட்டே தொழிலாளர் பக்கம் சாய்ந்தார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் இறந்த அந்த 123 பெண்களுக்கும் அவர்களுடன் வேலை செய்த பெண்களுக்கும் அன்று வாக்குரிமையே கிடையாது. நியூயார்க்கில் பெண்களுக்கு அது 1917இல்தான் வந்தது. கணக்கு மட்டும் என்றால், ஓராண்டு அலைந்து ஆலை ஆலையாகப் பார்த்திருக்கத் தேவையில்லை. வியப்பு என்னவென்றால், கட்சித் தலைமையை எதிர்த்துப் பேர் வாங்கிய ரூஸ்வெல்ட், பெண்களின் வேலைநேரத்தை வாரத்துக்கு 54 மணியாகக் குறைக்கும் மசோதாவுக்காக அந்நாளில் பெரிதாக முயலவில்லை என்று பெர்க்கின்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கட்சித் தலைமைக்குக் கட்டுப்பட்ட வாக்னரும் ஸ்மித்தும்தான் அந்த வேலையைச் சுமந்தார்கள்.

அந்த 54 மணி மசோதா 1911இல் நிறைவேறவில்லை. மறு ஆண்டு நிறைவேறியபோதும் டப்பா உணவு ஆலைகளுக்கு விலக்கு அளித்தே நிறைவேறியது. நீதிமன்றம் ரத்து செய்த இழப்பீட்டுச் சட்டத்தை மீண்டும் கொண்டுவர, மாநில அரசியலமைப்பையே 1913இல் திருத்த வேண்டியிருந்தது. குறைந்தபட்சக் கூலியைப் பற்றியும் ஆணையம் விரிவாக ஆராய்ந்தது. ஆனால் பெண்களுக்கும் சிறாருக்குமான அப்படியொரு சட்டம் நியூயார்க்கில் வர 1933ஆம் ஆண்டு ஆயிற்று, அதையும் மூன்றாண்டுகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.