பத்துப் பிள்ளைகள்கூட இல்லாத கிராமப் பள்ளிகளை மூடிப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்தால் என்ன?

கேள்வி கேட்டவர் கூடவே "மலைப்பகுதியில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்றும் எழுதியிருக்கிறார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஈரோடு மாவட்டம் தாளவாடி ஒன்றியத்தில் 2017 முதல் ஏழு வருடம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். தலைமையாசிரியர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஈராசிரியர் பள்ளி. நான் ஒருவன், இன்னொரு டீச்சர், ஐந்து வகுப்பு. நான் வேலையில் சேர்ந்த வருடம் பதினேழு பிள்ளைகள். நடுவில் ஒரு வருடம் ஒன்பதுக்கு இறங்கியது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்ல வருவது புரியாது. பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறினால் திம்பம். அங்கிருந்து ஆசனூர் தாண்டிப் போனால் சமவெளி மாதிரி விரியும் இடம்தான் தாளவாடி. மாவட்டத் தலைநகர் ஈரோடு நூறு கிலோமீட்டருக்கு மேல். கர்நாடகத்தின் சாம்ராஜ்நகரோ எட்டிப் பிடிக்கும் தூரம். 1956-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது பக்கத்துக் கொள்ளேகால் மைசூர் பக்கம் போனது, இது இந்தப் பக்கமே தங்கிவிட்டது. அதனால் பெரும்பாலான வீடுகளில் கன்னடம்தான் பேச்சு. நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திய தொட்டகாஜனூர் பண்ணை வீடும் இந்தப் பக்கம்தான். காட்டை ஒட்டிய குடியிருப்புகளில் சோளகரும் ஊராளிகளும். ராகி, மக்காச்சோளம், முட்டைக்கோஸ், தக்காளி, பூண்டு. சுற்றிலும் 2013-ல் அறிவித்த புலிகள் காப்பகம். புலியைப் பார்த்தவர்கள் குறைவு. யானையைப் பார்க்காத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அங்கே கிடையாது.

சரி, இணைப்புக்கு வருகிறேன். ஒன்பது பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர் சம்பளம் என்ற கணக்கு எனக்கும் தெரியும். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். ஒன்பது இருந்தாலும் அதே இரண்டு. ஒரு பிள்ளைகூட இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக்கப் போவதாக 2019-ல் அரசு சொன்னபோது எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. பிள்ளையே இல்லாத இடத்தில் நாற்காலிக்கா பாடம் நடத்த முடியும்? என் பிரச்சினை பூஜ்யத்தில் இல்லை, ஒன்பதில்.

இந்த ஒன்பதை இணைப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எடுத்த எடுப்பில் வருவது தூரம். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி என்பது விதி. எங்கள் குடியிருப்பிலிருந்து பக்கத்து நடுநிலைப் பள்ளி இரண்டரை கிலோமீட்டர். விதிக்குள்தான். ஐந்து முடித்தவர்கள் ஆறாம் வகுப்புக்கு அங்கேதான் போக வேண்டும். நான் பலமுறை நடந்திருக்கிறேன். முதல் அரை கிலோமீட்டர் வீடுகள், தோட்டம். அப்புறம் ஒரு பள்ளம் (கொங்குப் பக்கம் ஓடையைத்தான் பள்ளம் என்போம்). கோடையில் செருப்பு நனையாமல் தாண்டலாம், ஐப்பசியில் என் இடுப்பளவு தண்ணீர். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் உண்ணிச்செடிப் புதர், ஆள் உயரத்துக்கு. உள்ளே யானை நின்றால் வெளியே தெரியாது. சாணம் சூடாக இருக்கிறதா என்று காலால் தொட்டுப் பார்த்துவிட்டு நடக்கிற பத்து வயதுப் பிள்ளைகளை அங்கேதான் பார்த்தேன். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுவார்கள். அன்றைக்கு அந்தப் பள்ளியில் வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று விழும்.

இதில் எனக்குத் தீராத ஓர் ஆதங்கம் உண்டு. அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு நடை ஆரம்பிப்பது ஆறாம் வகுப்பில். பதினொன்று வரைக்கும் தாக்குப்பிடித்தவர்களுக்குத்தான் சைக்கிள்.

தாக்குப்பிடிக்காதவர்களில் ஒரு பெண்ணை மாதி என்று வைத்துக்கொள்வோம் (அது அவள் பெயர் இல்லை). ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தாள். வாய்பாடு பதினாறு வரை தலைகீழாகச் சொல்வாள், கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும். ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டு வந்தேன். ஆகஸ்டில் வீட்டில் இருந்தாள். போய்க் கேட்டால் திண்ணையில் அவரை உரித்துக்கொண்டிருந்த பாட்டி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "சாலெ பேடா, மேஷ்ட்ரே." பள்ளிக்கூடம் வேண்டாம், வாத்தியாரே. காரணம் கேட்டேன். அந்தப் பாதையில் உடன் போக அந்த வருடம் வேறு பெண் பிள்ளை இல்லை. அவ்வளவுதான் காரணம். வறுமை, கல்யாணம், நாம் வழக்கமாக யூகிக்கிற எதுவும் இல்லை. கூட நடக்க ஆள் இல்லை. மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை மாதியே, "நீங்க தினம் வர்றீங்களா சார்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. எட்டரைக்கு எனக்கு இந்தப் பக்கம் ஒன்பது பேர் காத்திருப்பார்கள்.

ஆக, தொடக்கப் பள்ளியை மூடினால் என்ன ஆகும் என்று நான் ஊகிக்க வேண்டியதே இல்லை. ஆறாம் வகுப்பில் நடப்பது ஒன்றாம் வகுப்பிலேயே நடக்கும்.

இன்னொரு விஷயம் மொழி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கன்னடத்தில் 'சாலெ' என்றால் பள்ளிக்கூடம். நம் 'பள்ளி' அங்கே 'ஹள்ளி' ஆகும்போது ஊர் என்று அர்த்தம். பாலு ஹாலாவது போல, புலி ஹுலியாவது போல. நான் போன புதிதில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் "சாலையில் ஓடாதே" என்று சத்தம் போட்டேன். அவன் நேராக வகுப்பறைக்குள் போய் ஒரு மூலையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துகொண்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் வகுப்பில் இருந்த அவன் அக்காதான் சிரித்துக்கொண்டே விளக்கினாள்: பள்ளிக்கூடத்துக்குள் ஓடக் கூடாது என்று நீங்கள் சொன்னதாக நினைத்துக்கொண்டான் சார்.

அந்த அக்காதான் என் மொழிபெயர்ப்பாளர். ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இருப்பதைக் குறையாகவே எல்லாரும் சொல்வார்கள். அங்கே அது ஒரு வசதி. வீட்டில் ஊராளியோ கன்னடமோ பேசிவிட்டு வருகிற ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் அண்ணனோ அக்காவோ சித்தப்பா மகனோ உட்கார்ந்திருப்பான். 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகளைக் கலந்து உட்கார வைக்கச் சொன்னபோது, நாங்கள் காலங்காலமாக வேறு வழியில்லாமல் செய்ததற்கு ஒரு பெயர் கிடைத்தது என்று டீச்சரிடம் சொல்லிச் சிரித்தேன். எட்டுக் குடியிருப்பிலிருந்து அறுபது பேர் வரும் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு தனி அறை. அங்கே இந்த ஐந்து வயதுப் பிள்ளை மாதக்கணக்கில் வாயே திறக்காது. மலையில் கன்னட வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு ஆசிரியர் கிடைப்பது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

சின்னப் பள்ளி சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. குறைகளை நானே சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு பையன் இருந்த வருடம் உண்டு. அவனுக்குப் போட்டிக்கும் ஆள் இல்லை, சண்டைக்கும் ஆள் இல்லை. கபடிக்கு ஓர் அணி சேராது. நான் பயிற்சிக்கோ மீட்டிங்குக்கோ கீழே இறங்கினால் டீச்சர் ஒருவரே ஐந்து வகுப்பும். டீச்சர் விடுப்பில் இருக்கும்போது எனக்கும் காய்ச்சல் வந்தால்? வந்தது. ஊசி போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன், பாடம் நடக்கவில்லை. வருகைப் பதிவை எமிஸ் என்ற கல்வித் துறைச் செயலியில் ஏற்ற சிக்னல் வேண்டும். பள்ளிக்குப் பின்னால் ஒரு பாறை மேல் ஏறினால்தான் இரண்டு கோடு தெரியும், அதுவும் சில நாள் கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு வரவேற்பு மெசேஜ் அனுப்பும். தினம் கால் மணி நேரம் அந்தப் பாறையில் போனது. மலைச் சுழற்சியில் (முறை வைத்து மலைக்கு மாற்றும் ஏற்பாடு) ஏறி வரும் ஆசிரியர்கள் வந்த நாளிலிருந்தே இறங்கும் நாளை எண்ணுவார்கள். நானும் முதல் வருடம் எண்ணினேன். மலைப்படியும் குளிர்காலப் படியும் மட்டும் ஆளை அங்கே கட்டிப்போடாது.

பிள்ளைகள் வராததற்கும் எப்போதும் பள்ளி காரணமில்லை. கார்த்திகை, மார்கழியில் ராகி முற்றியதும் ராத்திரிக் காவல். அப்பா அம்மா மரத்தின் மேல் பரண் கட்டிப் படுத்தால் பிள்ளையும் அங்கேதான். விடிய விடியத் தகரம் தட்டிவிட்டு ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். நான் எழுப்ப மாட்டேன். காப்பித் தோட்ட வேலைக்கோ கரும்பு வெட்டவோ கர்நாடகப் பக்கம் குடும்பமாகப் போய்விட்டால் மூன்று மாதம் ஆள் இருக்காது. ஆனால் ஒன்பது பேர் உள்ள பள்ளியில் எவன் எங்கே போனான், எப்போது திரும்புவான் என்று எனக்குத் தெரியும். திரும்பிய அன்றைக்கே போய்க் கையைப் பிடித்து இழுத்து வருவேன். பக்கத்துப் பெரிய பள்ளி வாத்தியார் என்னைவிட நல்லவராகவே இருக்கலாம். அவர் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், அதுதான் வித்தியாசம்.

2023 ஆகஸ்டில் காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு ஒன்று நடந்தது. சுயஉதவிக் குழுவிலிருந்து சமைக்க வந்த அக்கா அதே ஊர்க்காரர். ஏழரைக்குப் புகை எழும்பினால் பிள்ளைகள் தானாக வந்துவிடுவார்கள். பள்ளிக்கு வராத மூன்று வயதுகளும் தட்டோடு வரும். கணக்கில் வராத அந்தத் தட்டுகளுக்கும் அக்கா கிச்சடி வைப்பார், நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

எங்கள் பள்ளியை இணைக்கும் பேச்சு ஒருமுறை வந்தது. எந்த வருடம், யார் என்றெல்லாம் வேண்டாம். வந்தவர் நல்ல மனிதர். "இரண்டரை கிலோமீட்டர்தானே சார்" என்றார். "நடந்தே போய்ப் பார்க்கலாமா?" என்றேன். ஷூவோடு கிளம்பினார். புதர் ஆரம்பிக்கும் இடத்தில் எங்களோடு வந்த ஊர்ப் பெரியவர் கையை நீட்டி நிறுத்தி, "ஆனெ" என்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரத்தில் மரக்கிளை முறியும் சத்தம் கேட்டது. முக்கால் மணி நேரம் பள்ளத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். வந்தவர் ஃபோனை எடுத்தார், சிக்னல் இல்லை, திரும்பப் பையில் வைத்தார். பிறகு என்ன எழுதினாரோ தெரியாது, நான் இறங்கும் வரைக்கும் அந்தப் பேச்சு திரும்ப வரவில்லை.

இணைக்கவே கூடாது என்பதா என் கட்சி? இல்லை. வண்டி முதலில், பூட்டு அப்புறம். தொலைவான குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வண்டியும் வழிக்காவலரும் ஏற்பாடு செய்ய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு ஜீப்பும் உள்ளூர் ஆள் ஒருவரும் ஒழுங்காக இருக்கிற குடியிருப்பில் பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்பைத் தாண்டுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வண்டி மேலிருந்து வரும் பணத்தில் ஓடுகிறது. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25-ல் தமிழ்நாட்டுக்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியை, 2,000 கோடிக்கு மேல், ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததே, அந்த மாதிரிச் சண்டைகள் டெல்லியிலும் சென்னையிலும் நடக்கும்போது எனக்கு அந்த ஜீப்தான் ஞாபகம் வரும். பள்ளியை மூடிவிட்டால் மறுபடி திறப்பது லேசில்லை. வண்டி நிற்க ஒரு கடிதம் போதும்.

மற்றபடி, இதைப் படிப்பவர்களில் யாராவது இப்படி ஓர் இணைப்பை முடிவு செய்யும் இடத்தில் இருந்து, பாதையை நடந்து பார்க்கக் கிளம்பினால், ஜூன் மாதம் போகாதீர்கள். அப்போது பள்ளத்தில் தண்ணீர் இருக்காது, வயலிலும் ஒன்றும் இருக்காது. நவம்பர் கடைசியில் போங்கள், ராகி நிற்கும்போது. காலை எட்டே காலுக்குக் கிளம்புங்கள். ஜீப்பைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்த வேண்டியிருக்கும்.