பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு நம் ஊர் விளைச்சல்: எங்கே தொடங்குவது?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் நாங்கள் பதினான்கு பெண்கள் குழுவாக இருக்கிறோம். பெரும்பாலும் மாட்டெருவும் கூட்டெருவும் போட்டே மரக்கறி, பயறு, கொஞ்சம் நெல் செய்கிறோம். பக்கத்துப் பாடசாலைச் சாப்பாட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மரக்கறி தம்புள்ளை மொத்தச் சந்தையிலிருந்து லொறியில்தான் வருகிறது. டெண்டர் விலைக்கு எங்களால் நிற்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, விலையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் நீங்கள் வெல்வது கடினம். முதலில் உணவுப் பட்டியலைக் கையில் எடுங்கள். அதில் கரட், லீக்ஸ், கோவா, பருப்பு என்று இருக்கும்வரை லொறிக்காரரோடு போட்டிபோட உங்களிடம் எதுவுமே இல்லை. கரட்டும் லீக்ஸும் மலைநாட்டுக் குளிருக்கு விளைபவை. மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருவது. கரட் இருந்த இடத்தில் பூசணியும் பப்பாசியும், லீக்ஸ் இருந்த இடத்தில் முருங்கையிலையும் பொன்னாங்காணியும், பருப்புக்குப் பதிலாக வாரம் இரண்டு நாள் பயறோ கௌபியோ (தட்டைப்பயறு) வந்தால் பிள்ளைக்குச் சத்துக் குறையாது. உங்கள் தோட்டத்துக்கும் கதவு திறக்கும்.

ஆகவே ஆஸ்பத்திரியைப் பிறகு பார்ப்போம், பாடசாலைக்கு முதலில் போங்கள். பாடசாலைகளில் சமைத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்த் தாய்மார்தான். அதிபர், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், சமைக்கும் அம்மா, மூன்று தரப்பையும் ஒன்றாக இருத்திப் பேசலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலை மாற்றினால் சத்து அளவு சரியா என்று அவர் பக்கத்திலிருந்து கேள்வி வரும், அதற்கு முன்பே பதில் இருக்கட்டும். போகும்போது மாதவாரியாக எது கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் மரக்கறிப் பாத்தி அழுகும். அந்த மாதங்களுக்குச் சேமித்த பூசணி, பயறு, கௌபி, வேலியில் நிற்கும் முருங்கை என்று உண்மையையே எழுதுங்கள். கொடுக்க முடியாததை எழுதிவிட்டு ஒரு தரம் தவறினால், மறுபடி அந்த வாசலில் ஏறுவது சிரமம்.

கணக்கு ஒன்று சொல்கிறேன், பேசும்போது உதவும். 150 பிள்ளைகள், ஆளுக்கு 75 கிராம் அரிசி, வருடத்தில் 180 பாடசாலை நாள் என்று வைத்தால் ஏறத்தாழ 2,000 கிலோ அரிசி வேண்டும். நெல்லில் நூற்றுக்கு 65 பங்கு அரிசி வருமென்றால் 3 தொன்னுக்குச் சற்று அதிகமான நெல். ஏக்கருக்கு ஒன்றரைத் தொன் விளைந்தால் அது இரண்டு ஏக்கர். ஒரு பாடசாலையின் ஒரு வருடச் சோறு இரண்டு ஏக்கர் வயல்தான்! நம் நெல்லை அறுவடை முடிந்த கையோடு ஈரமாகவே வெளியூர் வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, பொலன்னறுவை ஆலையிலிருந்து வரும் அரிசியைக் கடையில் வாங்குகிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. 14 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து, ஊர் ஆலையில் குற்றி, மாதாமாதம் கொடுக்க ஒரு நல்ல களஞ்சியம் இருந்தால் போதும்.

இது மண்ணுக்கு எப்படி உதவும் என்பதுதான் எனக்கு முக்கியம். காலபோக நெல்லை, அதாவது மாரிமழையில் செய்யும் போகத்தை, வெட்டியதும் வயலில் மிஞ்சியிருக்கும் ஈரத்தில் பயறு விதைத்தால் 60, 65 நாளில் எடுத்துவிடலாம். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும், அடுத்த நெல்லுக்கு யூரியாவைக் குறைக்கலாம். இது நம் கமக்காரருக்குத் தெரியாத விஷயமல்ல. எல்லாரும் ஒன்றாகப் பயறு எடுக்கும்போது விலை விழுந்துவிடும் என்ற பயத்தில்தான் விதைப்பதில்லை. “வருடத்துக்கு இத்தனை கிலோ பயறு, இந்த விலைக்கு வாங்குகிறோம்” என்று பாடசாலை விதைப்புக்கு முன்னரே சொன்னால் அந்தப் பயம் போய்விடும். அரசாங்கம் வாங்கும் உணவு மண்ணைக் காப்பது இந்த வழியில்தான்.

பிரேசில் இதைச் சட்டமாகவே செய்தது. பாடசாலை உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்பக் கமக்காரரிடமே வாங்க வேண்டும் என்று 2009இல் சட்டம் வந்தது. அங்கே ஆகக் குறைந்த விலை கேட்பவருக்குக் கொடுக்கும் முறை இதற்கு இல்லை. உள்ளூர்ச் சந்தை விலையைப் பார்த்து விலையை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள், பக்கத்து ஊர்க் கமக்காரருக்கு முதலிடம். இயற்கை முறையில் விளைந்ததற்கு 30 சதவீதம் வரை கூடவும் கொடுக்கலாம். நம்மிடம் அப்படிச் சட்டமில்லை. ஆனாலும் பேசப்போகும் இடத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது காசு. நான் கூட்டுறவு வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு குழு கலைந்ததைப் பார்த்திருக்கிறேன். விளைச்சலில் குறை இல்லை, தரத்திலும் குறை இல்லை. ஓர் அலுவலகம் கொடுப்பனவை மாதக்கணக்கில் இழுத்தது, விதைக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது, ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். அதனால் நேரடியாக விற்காமல் உங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தினூடாகக் கொடுக்கப் பாருங்கள். சங்கம் உங்களுக்கு வாராவாரம் காசு தந்துவிட்டு, அரசிடமிருந்து பிறகு வாங்கிக்கொள்ளட்டும். அதற்குச் சங்கம் விலையில் ஒரு சிறு பங்கைக் கழித்துக்கொள்ளும், கழிக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்கும் இந்தச் சங்கமே வழி. பதிவில்லாத குழுவின் பெயரை வழங்குநர் பட்டியலில் சேர்ப்பது சிரமம், சங்கத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. மரக்கறி முழுவதையும் ஒரே கேள்விப்பத்திரமாக (டெண்டராக) விடாமல், கீரை, பழம், தானியம் என்று தனித்தனியாகப் பிரித்து விடும்படி எழுத்தில் கேளுங்கள். உங்களால் கீரை முழுவதையும் கொடுக்க முடியும், எல்லா மரக்கறியையும் கொடுக்க முடியாது.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்: “முழுக்க இயற்கை” என்று. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது வயல்கள் என்ன பாடுபட்டன என்பதை நீங்களும் பார்த்தீர்கள். எரு இவ்வளவு போடுகிறோம், யூரியா இவ்வளவு குறைத்திருக்கிறோம், அறுவடைக்கு முன் இத்தனை நாள் மருந்தடிப்பதில்லை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிக் கையொப்பமும் வாங்குங்கள்.

வழங்குநர் பதிவுக்கான அறிவித்தல் வழக்கமாக வருடக் கடைசியில்தான் வரும். அதற்கு முன் சங்கத் தலைவரோடு ஒரு தரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.