பசியை ஒழிக்கப் போகிறேன் என்கிறாள் மகள்: அது ஒரு வேலையா?

சாயல்குடிப் பக்கமிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகள், நர்சிங் வேண்டாம், உலகத்துப் பசியை ஒழிக்கிற, சிறு விவசாயிகளுக்காகப் போராடுகிற வேலைக்குத்தான் போவேன் என்கிறாளாம். அது சோறு போடுமா?

போடும் அம்மா. 2020-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தில் கணக்கர், சத்துணவு நிபுணர், கப்பலுக்கும் லாரிக்கும் ஏற்பாடு செய்பவர் எல்லாருமே சம்பளக்காரர்கள்தான். கோஷம் போட மட்டும் தெரிந்தவருக்கு அங்கே இடம் குறைவு. அதனால் மகள் ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு போகட்டும்.

2024-ல் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்ததாக ஐ.நா. அமைப்புகளின் கணிப்பு. அவர்களில் பலர் விளைவிக்கிறவர்களே. எப்படி என்று உங்கள் மகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சரி. ஆனால் களத்தில் காயப்போட்டு, வெளுத்துப்போன சண்டு வத்தலைப் பொறுக்கி ஒதுக்கி, மூட்டை தைத்துக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோனால் விலை சொல்வது யார்? அந்தக் கடையில் முன்பணம் வாங்கியவர் வேறு கடைக்குத் திரும்பவும் முடியாது. எட்டிவயல் குளிர்பதனக் கிடங்கில் வைத்து விலை ஏறும்போது விற்கலாம்தான். அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி, கிலோவுக்கு அடக்கம் எவ்வளவு என்று போட்டுப் பார்க்க ஆள் வேண்டும். விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தேடுவது அப்படிப்பட்ட ஆளைத்தான்.

படிப்பு? முதலில் பி.எஸ்சி. வேளாண்மை. கோவை வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும், நீட் கிடையாது. கிடைக்காவிட்டால் பி.காம். படித்துவிட்டு, திண்டுக்கல் பக்கமுள்ள காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் ஊரக வளர்ச்சி முதுகலை. என்னைக் கேட்டால் இந்த வழி ஒன்றும் மட்டமில்லை, கணக்கு தெரிந்தவர்கள் இந்தத் துறையில் அபூர்வம். மேலே போக ஆசையிருந்தால் குஜராத் ஆனந்தில் அமுல் புகழ் குரியன் 1979-ல் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனம். அரசு வேலைதான் நிம்மதி என்றால், விவசாயத்துக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டின் தேர்வு இருக்கிறது.

தொண்டு நிறுவனங்களில் ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. அதனால், எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று தெளிவாகச் சொல்லாத தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள்.

அப்புறம், சாதிச் சான்றிதழும் வீட்டில் யாரும் பட்டம் வாங்கியிராவிட்டால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து விடுங்கள். ரிசல்ட் வந்த வாரம் அங்கே நிற்க இடமிருக்காது.