ஃபயர்வாலுக்கு வெளியே சென்சார்: கேள்வி பதில்

ஊடுருவலைக் கண்டறியும் சென்சாரை ஃபயர்வாலுக்கு வெளியே, இணையத்தைப் பார்த்தபடி வைப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ஃபயர்வாலே தடுத்துவிடுகிறது. பிறகு வெளியே எதற்கு சென்சார்?

ஒன்றுக்குத்தான் வசதி இருக்கிறது என்றால் உள்ளேயே வையுங்கள், அதுதான் முதல் தேவை. இரண்டாவதற்கு வழி இருந்தால் வெளியே ஒன்று வைக்கலாம். ஃபயர்வால் தடுத்துவிட்ட முயற்சிகளில் என்ன இருந்தது என்பதை உள்ளே இருக்கும் சென்சார் பார்க்கவே முடியாது. ஃபயர்வாலையும் அதிலுள்ள விபிஎன் சேவையையும் குறிவைக்கும் தாக்குதல்களும் வெளியேதான் தெரியும். ஒரே தாக்குதல் இரண்டு சென்சார்களிலும் பதிவானால் ஃபயர்வால் அதைத் தடுக்கவில்லை என்று பொருள், உடனே கவனிக்க வேண்டும்.

கேள்வி: சென்சார் போக்குவரத்தைக் கேட்கும் போர்ட்டுக்கு ஐ.பி. முகவரியே கொடுக்கவில்லை. இனி சென்சாரை யாரும் தொட முடியாதுதானே சார்?

இந்த நம்பிக்கைதான் எனக்குப் பெரிய கவலை. முகவரி கொடுக்காமல் இருப்பது கட்டாயம், ஆனால் அது மட்டும் போதாது. சென்சாரின் வேலையே முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் பாக்கெட்டுகளைப் பிரித்துப் படிப்பது. படிக்கும் நிரலில் பிழை இருந்தால், படிப்பதாலேயே அது தாக்குபவர் கையில் விழும்.

2003-இல் ஸ்நார்ட் என்ற ஊடுருவல் கண்டறியும் மென்பொருளின், ஆர்பிசி (வேறொரு கணினியில் உள்ள நிரலை அழைக்கும் முறை) பாக்கெட்டுகளைப் பிரிக்கும் பகுதியில் இப்படி ஒரு பிழை வெளியானது. தாக்கும் பாக்கெட் சென்சாரின் முகவரிக்கு வர வேண்டியதில்லை, அது கண்காணிக்கும் இணைப்பைக் கடந்து போனாலே போதும். அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்த விட்டி என்ற புழு, பாதுகாப்பு மென்பொருள்களான ரியல்செக்யூர், பிளாக்ஐஸ் ஆகியவற்றையே குறிவைத்தது. ஐசிகியூ என்ற அரட்டைச் சேவையின் செய்திகளைப் பிரித்துப் படிக்கும் பகுதியில் இருந்த பிழைதான் அதற்கு வாசல். பிழை அறிவிக்கப்பட்ட ஓரிரு நாளுக்குள் புழு கிளம்பிவிட்டது. சுமார் 12,000 கணினிகளில் புகுந்து, டிஸ்க்கில் குப்பையை எழுதிப் பாழாக்கியது.

அதனால் சென்சார் ஒருநாள் விழும் என்று வைத்துக்கொண்டே மற்றதைத் திட்டமிடுங்கள். ஸ்நார்ட், அதே வகையான சுரிகாட்டா எதுவானாலும் ரூட் (முழு நிர்வாகி) உரிமையில் ஓடவிடாதீர்கள். தேவையில்லாத சேவைகளை நிறுத்துங்கள். ரூல்களை (தாக்குதலை அடையாளம் காணும் விதிகளை) மட்டுமல்ல, மென்பொருளையும் புதுப்பியுங்கள்.

கேள்வி: முகவரி இல்லாத அந்தப் போர்ட்டிலிருந்தும் பாக்கெட் வெளியே போகிறது. எப்படி?

பெரும்பாலும் ஐ.பி.யின் புதிய பதிப்பான ஐபிவி6 காரணம். நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டாலும் லினக்ஸ் தானாக ஓர் உள்ளிணைப்பு முகவரியை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ரவுட்டர் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்துவிடும். அந்த இன்டர்ஃபேஸில் ஐபிவி6, ஏஆர்பி, டிஹெச்சிபி, எல்எல்டிபி எனத் தானாகப் பேசும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அப்புறம் வேறொரு கணினியை அந்தப் போர்ட்டில் நேரடியாக இணைத்து, சென்சாரை ஒருமுறை ரீபூட் செய்து, என்ன வெளியே வருகிறது என்று பாருங்கள். துவங்கும் அந்தச் சில நொடிகளில்தான் பலவும் வெளியே நழுவும்.

கேள்வி: அனுப்பும் கம்பிகளை வெட்டிவிட்ட கேபிள் போட்டால் என்ன?

100 மெகாபிட் வரை அந்த வித்தை பலித்தது. கிகாபிட் காப்பர் இணைப்பில் நான்கு ஜோடிக் கம்பிகளும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசுகின்றன, வெட்டினால் இணைப்பே வராது. டேப் கருவி (இணைப்பில் ஓடுவதை நகலெடுத்து ஒருவழியாகத் தரும் பெட்டி) வாங்குங்கள். ஃபைபர் என்றால் ஒளியைப் பிரிக்கும் டேப் இன்னும் நல்லது, அதற்கு மின்சாரமே வேண்டாம். ஸ்விட்ச்சின் மிரர் போர்ட் (மற்ற போர்ட்டின் போக்குவரத்தை நகலெடுத்துத் தருவது) மலிவு, ஆனால் இரு திசையிலும் நிரம்பி ஓடும் 1 கிகாபிட் இணைப்பு மொத்தம் 2 கிகாபிட். அது 1 கிகாபிட் மிரர் போர்ட்டில் அடங்காது. மிஞ்சுவது சத்தமில்லாமல் கழிந்துவிடும்.

கேள்வி: சென்சாரை நிர்வகிக்க நாம் நுழையும் நிர்வாகப் போர்ட்டை உள் நெட்வொர்க்கில் நேரே செருகிவிடலாமா?

கூடவே கூடாது. ஒரு கால் இணையத்தில், மறு கால் உள் நெட்வொர்க்கில் என்றால் ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு பின்வாசல் திறந்துவிட்டீர்கள். சென்சார் விழுந்த அன்று எல்லாமே போச்சு.

நிர்வாகப் போர்ட்டை ஃபயர்வாலின் தனிக் காலில் (தனி போர்ட்டில்), தனி மண்டலமாக இணையுங்கள். இணைப்பை எப்போதும் உள்ளிருந்துதான் துவக்க வேண்டும்: எஸ்எஸ்ஹெச் என்ற மறையாக்க இணைப்பு வழியாக நீங்கள் போய் லாகை (பதிவுகளை) எடுத்து வரலாம். சென்சாரே அனுப்பத்தான் வேண்டும் என்றால், ஒரே ஒரு லாக் சர்வருக்கு, லாகை மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ் சிஸ்லாகுக்கான 6514 போர்ட்டை மட்டும் திறந்துவிடுங்கள். கடிகார நேரத்தைச் சரிசெய்யவும் ஒரே ஒரு சர்வர். டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்கும் சேவை) வேண்டாம், அதன் வழியாகவே தகவலைக் கடத்திவிடுவார்கள். ரூல்களை உள்ளே இறக்கி, சரிபார்த்து, உள்ளிருந்து தள்ளுங்கள். உள் நெட்வொர்க்கின் கடவுச்சொல் எதுவும் சென்சாரில் இருக்கக் கூடாது.

மீதி அத்தனையையும் தடுத்து, தடுத்ததை லாக் செய்யுங்கள். சென்சார் தானாக வேறு எங்காவது பேச முயன்று ஃபயர்வாலில் முட்டினால், உங்களுக்குக் கிடைக்கக்கூடியதிலேயே மதிப்புள்ள அலர்ட் அதுதான்.

கேள்வி: ஒரே பெட்டியில் இரண்டு கார்டு போட்டு உள்ளேயும் வெளியேயும் கேட்கலாமா? அல்லது விர்ச்சுவல் மெஷினாக?

இரண்டும் வேண்டாம். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டால் விழும் பெட்டி உள் நெட்வொர்க்கின் போக்குவரத்தையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும். உள் சர்வர்கள் ஓடும் அதே ஹைப்பர்வைசரில் (விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் மென்பொருளில்) வைப்பதும் அதே ஆபத்துதான்.

கேள்வி: வைத்த நாளிலிருந்து அலர்ட் கொட்டுகிறது. யாரும் பார்ப்பதே இல்லை.

வெளியே போர்ட் ஸ்கேன் ஓயவே ஓயாது, அதற்கெல்லாம் தொலைபேசி அலறக் கூடாது. ஸ்கேன்களை எண்ணிக்கையாக மட்டும் சேமியுங்கள். ஃபயர்வால், விபிஎன், வெளியே திறந்திருக்கும் சேவைகள் ஆகியவற்றைத் தொடும் ரூல்களுக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். ஒரே ரூலுக்கு நிமிடத்துக்கு இத்தனை என்று வரம்பு வையுங்கள். வேண்டுமென்றே போலி அலர்ட்டுகளைக் கொட்டி டிஸ்க்கை நிரப்பும் உத்தியும் உண்டு.

இன்னொன்றையும் பாருங்கள்: பாக்கெட்டுகளில் உள்ள உள்முகவரிகளை ஃபயர்வால் பொது முகவரிகளாக மாற்றிவிடுவதால் வெளிச் சென்சாருக்கு உங்கள் பொது முகவரிகள்தான் தெரியும். எது உங்கள் நெட்வொர்க் என்று சென்சாருக்குச் சொல்லும் ஹோம் நெட் அமைப்பில் 10 அல்லது 192.168 என்று துவங்கும் உள்முகவரிகளை மட்டும் எழுதியிருந்தால் பாதி ரூல்கள் வேலையே செய்யாது.