வல்லாரையா, நீர்ப்பிரமியா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாட்டு மருந்துக் கடையில் ‘பிரமி’ மாத்திரை கேட்டு வாங்கினேன். டப்பாவில் வல்லாரை இலை படம் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா? மகனுக்கு அடுத்த வாரம் தேர்வு, கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

இரண்டும் வேறு வேறு செடிகள். சில ஊர்களில் வல்லாரையையும் பிரமி என்றே விற்பதால் வரும் குழப்பம் இது. வல்லாரை இலை சிறுநீரக வடிவில், ஓரத்தில் பல் வெட்டுகளுடன், நீண்ட காம்பில் நிற்கும். நீர்ப்பிரமி சதுப்பில் படரும். இலைகள் பொடிசாக, சதைப்பற்றோடு எதிரெதிரே இருக்கும், மென்றால் நல்ல கசப்பு. டப்பாவில் படத்தை விட்டுவிட்டுத் தாவரவியல் பெயரைப் பாருங்கள். ‘பக்கோபா மொன்னியேரி’ என்றால் நீர்ப்பிரமி, ‘சென்டெல்லா ஏசியாட்டிகா’ என்றால் வல்லாரை.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் ஞாபகத்துக்கு ஓரளவு பலன் தெரிந்தது நீர்ப்பிரமியில்தான். அதிலுள்ள பேக்கோசைடுகள் என்ற வேதிப்பொருள்கள் நரம்பணுக்களைக் காக்கக்கூடும் என்பதற்கான சான்று பெரும்பாலும் எலிகளிடமிருந்து வந்தது. பெரியவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்த அளவு தினம் 300 மி.கி., 12 வாரம். அதுவும் செறிவூட்டிய சாறு. அதே எடைப் பொடி ஈடாகாது. ஆகவே அடுத்த வாரத் தேர்வுக்கு இது உதவாது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வரலாம். தேர்வு நாளில் அந்தத் தொல்லை எதற்கு?

வல்லாரையைத் துவையலாக வாரம் இரண்டு நாள் சாப்பிடுங்கள், நல்ல கீரை. சாக்கடை ஓரத்தில் பறித்தது மட்டும் வேண்டாம். மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கீரையில் ஏறும். வல்லாரை மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்கிக் கல்லீரல் கெட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. கல்லீரல் நோய் உள்ளவர்கள் மாத்திரைப் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: தினம் மஞ்சள் பால் குடித்தால் மறதி நோய் வராதாமே?
– வாசகர், ஈரோடு

கணக்குப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் என்ற வேதிப்பொருள்தான் இந்தப் பேச்சுக்குக் காரணம். அது சுமார் 3 சதவீதம். ஒரு தேக்கரண்டியில், அதாவது 3 கிராமில், 90 மி.கி. தேறும். அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களுக்குத் தினம் 2 கிராமும் 4 கிராமும் குர்குமின் கொடுத்துப் பார்த்த ஆய்விலேயே பலன் தெரியவில்லை. குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் 20 மி.கி. சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடுவதாக 1998-இல் பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் பைப்பரின் ஃபெனிட்டாயின் போன்ற வலிப்பு மருந்தின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். மஞ்சள் பால் ருசிக்குக் குடிக்கலாம். மிளகுச் சாறு கலந்த குர்குமின் மாத்திரை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

கேள்வி: அப்பாவுக்கு மறதி நோய்க்காக டொனெபெசில் மாத்திரை ஓடுகிறது. மூலிகைதானே என்று நீர்ப்பிரமியும் சேர்த்துக் கொடுக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

நீங்களாகச் சேர்க்காதீர்கள். மறதி நோய்க்குக் கொடுக்கும் கேலன்டமைனும் பனித்துளிப் பூச்செடியில் கண்டெடுத்த மூலிகைச் சரக்குதான். 1950-களில் பல்கேரியாவில் மருந்தாக்கினார்கள். அதையே தினம் 8 மி.கி.யில் தொடங்கி, 4 வாரம் பார்த்துத்தான் 16 ஆக்குவார்கள். காரணம் குமட்டலும் நாடித் துடிப்பு குறைவதும். டொனெபெசிலும் அதே வழியில், மூளையில் ஞாபகத்துக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சிதையாமல் தடுத்து வேலை செய்கிறது. நீர்ப்பிரமிக்கும் அந்தக் குணம் கொஞ்சம் இருப்பதாகச் சோதனைக்கூட ஆய்வுகள் சொல்கின்றன. எனவே இரண்டும் சேர்ந்தால் இந்தத் தொல்லைகள் கூடலாம். அப்பாவுக்குத் தலைசுற்றலோ மயக்கமோ நாடி 50-க்குக் கீழோ இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனைகள் செய்யாமல் இருந்தால் அதையும் கேளுங்கள். அந்தக் குறைகளாலும் மறதி வரும், அதைச் சரிசெய்ய மருந்து உண்டு.